டயர் பார்க்க இறங்குகிறவர்

செத்துப்போன ஆளைத் தேடிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து ஆள் வருவது எங்கள் ஊரில் எனக்கு மட்டும் நேர்கிற தொல்லை. மதுரை ஏர்போர்ட்டில் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். வெள்ளைக் காரை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். கிட்டே வந்து, குனிந்து, டிரைவர் சீட்டைப் பார்ப்பார்கள். அங்கே நான் உட்கார்ந்திருப்பேன். ஆறேழு பேருக்கு நிழல் கொடுக்கிற உடம்பு எனக்கு. கண்ணில் படாமல் போக வழியே இல்லை. ஆனாலும் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்ப்பார்கள். அப்புறம்தான் என் முகத்துக்கு வந்து சேருவார்கள். அந்த ஒரு நொடியில் நான் இல்லாமல் போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

அந்த சீட்டு அவருடையது. பேர் சொல்லப் போவதில்லை. பேர் சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று ஒரு பயம். அருப்புக்கோட்டையில் எல்லாருக்கும் அவர் டிரைவரண்ணன். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். வண்டியைக் கழுவி, கால்மிதியை மாற்றி, ஊதுபத்தியும் ஏற்றிப் பார்த்துவிட்டேன். கிராம்பு வாசம் போகவில்லை. மழை பெய்தால் கூடுகிறது.

நான் அவரோடு சேர்ந்தது ஒரு தவறான நம்பிக்கையால். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அவருடைய கார் கடை வாசலில் நிற்கும். திருச்சுழியில் ஒரு மகான் பிறந்த வீடு இருக்கிறது. அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பி.ஏ. இங்கிலீஷ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டம் அரியரோடு நின்றுபோன கதையை யாரும் சொல்லவில்லை. முன் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். திருச்சுழி சிவன் கோயிலில் கோபுரத்தைக் காட்டி "வெரி ஓல்டு" என்றேன். குளத்தைக் காட்டி "வெரி ஓல்டு" என்றேன். குறுக்கே வந்த அர்ச்சகரைப் பற்றிக் கேட்டபோதும் வாயில் அதுதான் வந்தது. வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டிரைவரண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

திரும்பும்போது, திருச்சுழி ரோட்டில் ஒரு வேப்பமரத்து வளைவில் காரை ஓரங்கட்டினார்.

"இருங்க. டயரு ஒருக்கா பாத்துட்டு வாரேன்."

இறங்கிப் போய் டயரை இரண்டு உதை உதைத்தார். பின்னால் டிக்கியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்து, "டயரு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கியதும் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கைக்கடிகாரத்தைத் தட்டி, ஒரு விரலால் தரையைக் காட்டி, "எப்ப வருவீக?" என்று தமிழிலேயே கேட்டார். எல்லாரிடமும் கேட்பார். பெட்டியை இறக்குவதுபோல அதுவும் அவருக்குக் கைப்பழக்கம்.

நாலைந்து பயணத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே வளைவு, அதே வேப்பமரம், அதே டயர். ஒருநாள் நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன். ரோட்டோரக் கரிசலில் குத்தவைத்து, ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். டிக்கியைத் திறந்து, ஒரு ஜெர்மன்காரரின் பையில், ஓரத்து ஜிப்புக்குள், ஒரு சிட்டிகை போட்டார்.

"என்னண்ணே இது? போலீசுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் உள்ள வச்சுருவாக."

"மண்ணுக்கு எவன்லே கேசு போடுவான்? இது பிடிமண்ணு. நம்மாளுக மெட்ராஸ்ல இருந்தும் பம்பாயில இருந்தும் மாசிக் களரிக்குக் குலசாமி கும்பிட விழுந்தடிச்சு ஓடி வாரானுகள்ல, எதுக்கு? சாமி மண்ணு ஒரு கைப்பிடி எடுத்துட்டுப் போயி அங்க வச்சுக் கும்பிடுறான். எடுத்துட்டுப் போனவன் வந்துதான ஆகணும். வெள்ளைக்காரனுக்கு மட்டும் காலு வேறயா?"

"அது கோயில் மண்ணுண்ணே. இது ரோட்டோரப் புஞ்சை."

"சாமி இல்லாத கரிசல் எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

அது யாரோ ஒருவரின் புஞ்சை இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவருடைய புஞ்சை. மகனைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ப்பதற்காக விற்றது. வாங்கியவர் விவசாயம் பார்க்கவில்லை. சீமைக்கருவேலம் ஏறி, வருசத்துக்கு ஒருமுறை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். விற்ற பிறகுதான் அந்த வளைவில் அவருடைய டயருக்கு அடிக்கடி சந்தேகம் வர ஆரம்பித்தது.

அந்த ஜெர்மன்காரர் இரண்டாம் வருசம் திரும்பி வந்தார். அவருக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். ஒவ்வொருவரும் வந்து இறங்கும்போது டிரைவரண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்குவார். டீக்கடையில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. இவர்கள் புதையல் தேடி வருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அங்கே வெயில் இல்லை, நம்மிடம் வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள் என்று இன்னொருவர். தியானத்துக்காக வருகிறார்கள் என்று நான் படித்தவன் தோரணையில் சொன்னேன். "இமயமலையில இடம் இல்லையாக்கும்" என்று டிரைவரண்ணன் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார்.

இடையில் நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். ஒரு கம்பெனியில் இங்கிலீஷில் போன் பேசுகிற வேலை. நான் பேசியதைக் கேட்ட வாடிக்கையாளர்கள் பலரும் பிரச்சினையே தேவலை என்று வைத்துவிட்டார்கள். வருசம் முடியுமுன் பையோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். டிரைவரண்ணன் என் பையைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையைத் தலைகீழாகக் கொட்டி, தையல் பிரித்து, ஷூவைத் தட்டி, எல்லாம் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. என் பையில போட்டீகளா இல்லையா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

கடைசி வரை சொல்லவில்லை. இப்போதும் மூன்று நாள் வெளியூர் போனால் நாலாவது நாள் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது. சர்க்கரை வியாதி என்கிறார் டாக்டர்.

படிப்பு முடிந்து அவர் மகன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனான். ஒரே பையன். அம்மா அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தவறிவிட்டாள். அவர்களுடைய பாளையம்பட்டி வீட்டில் பெட்டி கட்டியபோது நானும் கூட இருந்தேன். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். அண்ணன் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கே செய்திருப்பார் என்பதுதான் தெரியாது. அவனை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள் என் கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, என் ஷூவுக்குள்ள மண்ணு போட்டது யாரு?"

"நம்ம ஊருல நடந்தா மண்ணு ஒட்டத்தான செய்யும்."

"புது ஷூப்பா. டப்பாவையே பிரிக்கலை. ஏர்போர்ட்டுல தனியாக் கூட்டிட்டுப் போயி கேள்வி மேல கேள்வி. வெளி மண்ணு ஒரு பொட்டு இந்த நாட்டுக்குள்ள விட மாட்டாங்களாம். கடைசியில அவங்களே கழுவிக் குடுத்தாங்க."

"கழுவிட்டாகளா."

"ஆமா."

"நல்லாக் கழுவிட்டாகளா?"

"பளபளன்னு இருக்குப்பா."

போனை வைத்த பிறகு வெகுநேரம் ஜெராக்ஸ் மெஷினில் வந்துபோகிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்க வைக்கலாம் என்று, "கெட்டிக்கார நாடுண்ணே, உங்க சாமிக்கு விசா குடுக்கலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொல்கிற சிரிப்புக்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஆள் அவர்.

மகன் அடுத்த வருசம் வருகிறேன் என்றான். அடுத்த வருசமும் அதையே சொன்னான். வீட்டு லோன், லீவு இல்லை, டிக்கெட் விலை. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றார். ஊரில் வந்து இறங்குகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரையும் பார்க்கும்போது அவர் புருவம் ஏறுவது நின்றுபோனது. இவர்களெல்லாம் வருகிறார்கள், அவன் வரவில்லை; நடுவில் ஒரு குழாய்த் தண்ணீர் ஓடிவிட்டது. அவர் அப்படித்தான் நம்பினார்.

இதில் டீச்சரம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற வெள்ளைக்காரம்மா கணக்கே தனி. ஏதோ குளிர் நாட்டில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். புருசன் இல்லை. ஒரே ஒரு துணிப்பை. அதை மடியை விட்டு இறக்க மாட்டார். வளைவில் டயர் பார்க்க இறங்கிய டிரைவரண்ணன் ஒவ்வொரு தடவையும் மூடிய கையோடு திரும்பி வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் திணறி, ஜன்னலுக்கு வெளியே கையை உதறுவார். மண் போடவே முடியவில்லை. ஆனால் தை மாதம் பிறந்தால் அந்தம்மா வந்துவிடுவார். மற்றவர்கள் ஒருதரம் திரும்பி வந்தார்கள், சிலர் இரண்டு தரம். இவர் விடாமல் வந்தார்.

ஒரு தை மாதம் திருச்சுழியில், குண்டாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் என் முழங்கையை இடித்தார்.

"ஏலே, கேளு. இவுக எதுக்கு வாராகன்னு கேளு."

"அதை எப்படிண்ணே கேக்க? ஏன் வந்தேன்னு கேட்ட மாதிரி ஆயிரும்."

"மரியாதையாக் கேளு. அதுக்குத்தான உன்னை ஏத்திட்டு வாரேன்."

கேட்டேன். அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் புரிகிற வேகத்தில் சொன்னார். மலை பார்க்க ஒரு நாட்டுக்குப் போனாராம். மலையைப் பார்த்தாயிற்று, திரும்பப் போகவில்லை. கடல் பார்க்கப் போன ஊரும் அப்படித்தான். இங்கே பார்க்க அப்படி ஒன்றும் இல்லையாம். எல்லாவற்றுக்கும் நான் வெரி ஓல்டு என்றே சொன்னதையும் விடாமல் சொன்னார். ஆனால் முதல் தடவை கிளம்பும்போது அண்ணன் கடிகாரத்தைத் தட்டித் தரையைக் காட்டி ஏதோ கேட்டாராம். எப்போது வருவாய் என்று கேட்கிறார் எனப் புரிந்ததாம். "என் வயதில் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர் என்றுதான் சொல்கிறார்கள். எப்போது வருவாய் என்று யாரும் கேட்பதில்லை. ஜனவரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வராமல் இருந்தால், ஒருவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே."

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாண்ணே."

"அது சும்மா கேக்கதுலே. எல்லார்ட்டயும்தான கேக்கேன்."

அன்றைக்கு வேப்பமரத்து வளைவில் கார் நிற்கவில்லை. அந்தம்மாவை ஏர்போர்ட்டில் விட்டுத் திரும்பும்போது, காரியாபட்டி தாண்டியதும் கேட்டார்.

"அவனை ஏர்போர்ட்டுல விடும்போது நீயும் இருந்தேல்ல. நான் அவன்ட்ட என்ன கேட்டேன்?"

"பெட்டி வெயிட்டா இருக்கான்னு கேட்டீக. பாஸ்போர்ட்டு இருக்கான்னு கேட்டீக. சட்டைப் பையில வச்சுட்டியான்னு மறுபடி கேட்டீக."

"எப்ப வருவேன்னு?"

"அது கேக்கலைண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து, வீடியோவில் மகனைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். கிராம்பைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார்; அவர் வாயில் கிராம்பு இல்லாமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மகன் முகம் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்டார். அங்கே மழையா என்று கேட்டார். இங்கே மல்லிகைப் பூ விலை ஏறிக் கிடப்பதைச் சொன்னார். நான் போனுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டி, தரையைக் காட்டி, ஊமைக்கூத்து ஆடினேன். என் கையில் கடிகாரம் கிடையாது. வெறும் மணிக்கட்டைத்தான் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சரிப்பா. வச்சுரட்டுமா?"

"சரிப்பா" என்றான் அவனும். இரண்டு பேரும் உடனே வைக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் திரை கறுத்தது.

"ஏண்ணே? ஒரு வார்த்தைதான?"

"கேட்டு, தெரியலைப்பான்னு சொல்லிட்டான்னா?" புதுக் கிராம்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "மண்ணுன்னா பதில் சொல்லாதுல்ல."

ஆடிக் காற்றில் ஒருநாள் மத்தியானம், பாளையம்பட்டி நிறுத்தத்தில் மர நிழலில் காரை நிறுத்திவிட்டு சீட்டில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று டவுன் பஸ்சுக்கு நின்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். கன்னத்தில் கிராம்பு அப்படியே இருந்தது. வலது கை மூடியிருந்தது. விரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். நான் விரித்துப் பார்க்கவில்லை.

மகன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். காரியம் முடிந்து அவனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். "வண்டியை நீங்களே வச்சு ஓட்டுங்க சித்தப்பா" என்று சொல்லியிருந்தான். என் ஓட்டுதலில் ஆடு மாடுகளே ஒதுங்கி நின்று வழிவிட்டன. போகிற வழியில் டேஷ்போர்டு அறையைத் திறந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்தான்.

"அப்பா பொடி போடுவாகளா?"

"அது மண்ணுய்யா."

மூடியைத் திறக்காமல் வைத்துவிட்டான். கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஒருநாள் கூட என்னை வரச் சொன்னதில்லை சித்தப்பா. லீவு இல்லைன்னு சொன்னா சரின்னுருவாக. ஏன்டா வரலைன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா அன்னைக்கே டிக்கெட் போட்டிருப்பேன். நான் வந்தா அவுகளுக்குச் செலவு, சிரமம், அதான் வேணாம்னு நினைக்காக போலன்னு இருந்துட்டேன்."

கல்யாண வீடு, இழவு வீடு என்று எதற்கும் என்னிடம் ஒரு கேலி கைவசம் இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், இல்லை.

ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்ய நினைத்துச் செய்யவில்லை. கை தானாக மணிக்கட்டைத் தட்டியது. விரல் தரையைக் காட்டியது.

"எப்ப வருவே?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கேட்ட குரல் எனக்கே புதிதாக இருந்தது. கிராம்பு ஒதுக்கிய வாயோடு பேசுகிற மாதிரி.

"மாசிக் களரிக்கு" என்றான்.

தை மாதம் டீச்சரம்மா வந்தார். குனிந்து சீட்டைப் பார்த்தார். நான் சொன்னேன், அதற்கு மட்டும் என் இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. அன்று முழுக்கத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தார். திரும்பிப் போகும்போது ஏர்போர்ட்டில் உள்ளே போகாமல் நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மணிக்கட்டைத் தட்டிக் கேட்டேன். "ஜனவரி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திறந்து கிடந்த கார்க் கதவு வழியாகக் காலி டிரைவர் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

மாசியும் வந்தது. சொன்னபடி அவன் வந்தான். பெட்டியை உருட்டிக்கொண்டு, வெள்ளைக் காரைப் பார்த்துச் சிரித்து, கிட்டே வந்து குனிந்தான். அப்பா இல்லை என்று தெரிந்த பிள்ளை. கொள்ளி வைத்த இடத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனவன். அவனும் என்னைத் தாண்டித்தான் பார்த்தான்.

நான் இறங்கி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பழக்கமான பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். என் துணிமணிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு வேணாம் சித்தப்பா. நேரா களரிக்கே போயிருவோம்."

அவர்களுடைய குலசாமி திருச்சுழியைத் தாண்டி. நன்றாக ஓட்டினான். பாளையம்பட்டி போனது, அருப்புக்கோட்டை போனது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கரிமூட்டப் புகை ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வேப்பமரத்து வளைவில் காரை ஓரங்கட்டினான்.

"இருங்க சித்தப்பா. டயரு ஒருக்கா பாத்துட்டு வாரேன்."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அந்த வார்த்தையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது கேட்டிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது புஞ்சை கைவிட்டுப் போகவில்லை, அண்ணனும் டயர் பார்க்க இறங்கியதில்லை என்பது உடனே ஞாபகம் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டயரை இரண்டு தடவை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கதவைத் திறந்து வந்து உட்கார்ந்தான். வலது கை மூடியிருந்தது.

"டயரு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

ரோட்டைப் பார்த்தபடியே என் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன். கார் கிளம்பியது. கிராம்பு வாசம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும், அவன் பார்க்காத மாதிரி, ஜிப்பைத் திறந்து வைத்தேன்.